சீக்கிரம் முடிந்த நேர்காணல்

கல்லூரி வாசலைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டிருந்தேன். ஈப்போவின் நடுப்பகல் வெயில். காலில் இருந்தது அக்காவின் கணவருடைய சப்பாத்து, எனக்குப் பெரியது. குதிகாலில் செய்தித்தாளை மடித்து வைத்திருந்தேன். நடக்க நடக்க அது நகர்ந்து நடுப்பாதத்துக்கு வந்துவிட்டது. நின்று சரிசெய்யத் தோன்றவில்லை. தேயிலை மலையிலிருந்து இறங்கி வருகிறவனுக்கு ஈப்போ வெயில் ஒரு மயக்கத்தைக் கொடுக்கும். தூரத்தில் சாலை ஈரமாக மினுங்கும். கிட்டப் போனால் காய்ந்து கிடக்கும். கடைகளின் பெயர்ப்பலகைகள் தண்ணீருக்கு அடியில் இருப்பவைபோல அசையும். அந்த மயக்கத்தில் நான் சந்தோஷமாக நடந்துகொண்டிருந்தேன்.

காரணம், நேர்காணல் சீக்கிரம் முடிந்துவிட்டது. எனக்கு முன்னால் உள்ளே போனவர்கள் ஒவ்வொருவரும் வெகுநேரம் கழித்தே வெளியே வந்தார்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் முகமெல்லாம் வியர்த்து வந்தார். நான் போய் உட்கார்ந்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன், எழுந்து வந்துவிட்டேன். எங்கள் தோட்டத்து ஆபீசில் துரையின் சன்னலுக்கு முன்னால் சீக்கிரம் முடிந்தவன் பிழைத்தவன். நெடுநேரம் நிற்க வைக்கப்பட்டவனுக்கு ஏதோ கோளாறு. அந்தக் கணக்கில், சட்டம் படிக்க எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

நான் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். அப்பா இறந்தார், அம்மா அதற்கு முன்பே இல்லை. அக்காவின் சம்பளத்தில் வீடு நடந்தது. இதைத் துயரமாகச் சொல்லவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாதிப் பேரின் கதை இதுதான். லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் வெட்டினேன். சேற்று வெள்ளம் வந்த பிறகு அந்தத் தோட்டம் இருந்த இடமே தெரியவில்லை. ஜொகூரில் ஒரு கிடங்கில் இருந்தேன். சிங்கப்பூரில் உயரமான கட்டடங்களின் கண்ணாடியைக் கழுவினேன். கிள்ளானில் லாரியில் போனேன். எந்த இடத்திலும் மெத்தையில் என் உடம்பின் பள்ளம் விழுகிற வரைக்கும் இருந்ததில்லை. ஒரு காலை எழுந்திருக்கும்போது போகவேண்டும் என்று இருக்கும், போய்விடுவேன். சண்டை, சச்சரவு எதுவும் கிடையாது. கடைசியில் சுற்றிச் சுற்றி மலைக்கே வந்து சேர்ந்தேன்.

இப்போது தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தைக் கையால் கிள்ளுகிறவர்கள் குறைவு. இரண்டு பேர் தூக்கும் இயந்திரம் வந்துவிட்டது. செடி நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். நடுவில் வளைந்த நீளமான வெட்டுப்பல். அது வெட்டுகிற கொழுந்து காற்றில் உப்பிய ஒரு பைக்குள் போய் விழும். இருவருடைய நடையும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒருவன் முந்தினால் செடி கோணலாகிவிடும். பனி இறங்கிய காலைகளில் எதிர்ப்பக்கம் நடப்பவன் தெரியமாட்டான். இயந்திரத்தின் அதிர்வில்தான் அவன் இருக்கிறான் என்று தெரியும்.

என் எதிர்ப்பக்கம் நடந்தவன் என் வயதுக்காரன், அதே லயத்தில் பிறந்தவன். ஒரு நாள் வெட்டுப்பல்லைத் துடைக்கும்போது அவனுடைய இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன.

வெட்டுப்பல்லில் இலையின் பிசின் ஒட்டும். எண்ணெய் போட்டுத் துடைக்காவிட்டால் மாலைக்குள் அது கொழுந்தை வெட்டாமல் கடித்துக் குதறும். வேலை நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தினால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டுவார். அதனால் தேநீர் வேளையில்தான் எல்லாரும் துடைப்பார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. எழுதி வைத்த விதியும் இல்லை. மண்டோரும் பார்த்துக்கொண்டே பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்பார். அவ்வளவுதான்.

விசாரணைக்கு அவனுக்குத் துணையாகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். அவன் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. இனி இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது, தொழிற்சாலைக்குள் ஒரு வேலை வேண்டும். அதிகாரி மரியாதையான மனிதர்.

"விபத்து ஓய்வு நேரத்தில் நடந்ததா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமாம்," என்றான்.

"அந்த நேரத்தில் வேலை செய்யும்படி யாராவது சொன்னார்களா?"

"இல்லை."

இரண்டும் உண்மை. அப்புறம் தோட்டத்தின் சார்பில் வந்திருந்த வக்கீல் எழுந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அவராகவே பேசினார். ஓய்வு நேரம் என்றால் என்ன, அதற்குப் பொறுப்பு யாருடையது என்று, அவசரமே இல்லாமல், மழைக்குப் பிறகு வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுபோலப் பேசிக்கொண்டே இருந்தார். அதிகாரி குறித்துக்கொண்டார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எங்களுக்கு எதிராகத்தான் அவர் பேசினார். இருந்தாலும் நிறுத்திவிடப் போகிறாரே என்றிருந்தது. கேட்காமலேயே ஒரு மனிதன் பேசலாம், அதை ஆபீசர் காது கொடுத்துக் கேட்பார் என்பதை அன்றுதான் கண்டேன்.

முடிவு எங்களுக்குச் சாதகமாக வரவில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

"டேய், நம்ம சொன்னது எல்லாம் உண்மதானே?"

"உண்மதான்டா."

"அப்புறம் எப்படிடா தோத்தோம்?"

ஏன் தேநீர் வேளையில் வெட்டுப்பல்லைத் துடைக்கிறோம் என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. "சட்டம் படிக்கணும்டா," என்றேன்.

வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. "நீயா? எந்த வேலையிலடா நீ தீபாவளி வரைக்கும் நின்னுருக்க? கேஸ் பாதியில இருக்கும்போது ஜட்ஜு ஒன்னத் தேடுவாரு. வக்கீல் எங்கன்னா, பஸ் ஏறிப் போய்ட்டாரும்பாங்க."

அடுத்த மாதம் அவன் கூலிமில் உறவினர் வீட்டோடு போய்ச் சேர்ந்தான். ஒரு கடைவீதியில் காவல் வேலை. அவ்வப்போது கைப்பேசியில் குரல் செய்தி அனுப்புவான். எல்லாம் ஒரே மாதிரி தொடங்கும்: "என்ன லாயரு, பஸ் ஏறியாச்சா?"

பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களும் பட்டப்படிப்பில் சேர ஒரு வழி இருக்கிறது. வயது வந்திருக்கவேண்டும், செய்த வேலைகளை அனுபவமாகக் காட்டவேண்டும், ஒரு தேர்வு எழுதி, நேர்காணலில் தேறவேண்டும். ஈப்போவில் ஒரு கல்லூரியில் சட்டத்துக்கும் அந்த வழி திறந்திருந்தது. வாரக்கடைசியில் வகுப்பு. அந்த விளம்பரத்தைக் கைப்பேசியில் பார்த்தபோது முதலில் நான் நம்பவில்லை. அலைந்து திரிந்ததைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் ஓர் இடம் இருக்கிறதா என்றிருந்தது.

அக்கா நம்பவே இல்லை. "போன்ல வர்றது எல்லாம் ஏமாத்து வேலலா. நேத்துகூட ஒருத்தன் எனக்குப் பரிசா கார் விழுந்துருக்குன்னு போன் பண்ணான்," என்றாள்.

எங்கள் லயத்தில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தேயிலைக்கு நடுவில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கேதான் வரும். வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து மாதிரிக் கேள்விகளைப் படிப்பேன். மாலையில் பனி மேலேறி வரும். திரை நனைந்து, விரல் படாமலேயே பக்கங்கள் தானாக நகரும். கேள்வி ஒரு பக்கத்தில் இருக்கும், பதில் வேறெங்கோ போயிருக்கும். நான் துரத்தவில்லை. வந்ததைப் படித்தேன். சில சொற்களுக்குப் பொருள் தெரியாது. அவற்றை மெல்லச் சொல்லிப் பார்ப்பேன். யாருமே இல்லாத மலையில் அவை நன்றாக இருக்கும். அனுமானம். முகாந்திரம். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்ததை என் வசதிக்குத் தமிழாக்கி, வாயில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு இறங்கி வருவேன்.

அந்த நாட்களில் ஒரு கனவு அடிக்கடி வந்தது. ஒரு நீதிமன்றம். அதற்குள் இடுப்பு உயரத்துக்குத் தேயிலை. நீதிபதியிடம் போகவேண்டுமானால் ஒருக்களித்து நடக்கவேண்டும். யாரும் பேசமாட்டார்கள். உடையில் இலை உரசும் சத்தம் மட்டும் கேட்கும். கனவுக்குள் எனக்கு அது விசித்திரமாகத் தெரிந்ததே இல்லை. நீதிமன்றம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒருக்களித்து நடந்துகொண்டிருப்பேன்.

எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தவை தர்க்கக் கேள்விகள். மழை பெய்தால் பந்து விளையாட மாட்டார்கள்; இன்று விளையாடவில்லை; ஆகவே மழை பெய்தது; இது சரியா? பந்து எனக்குப் பிடிபடவில்லை. கொழுந்தாக மாற்றி, பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன். மழை பெய்தால் கொழுந்து வெட்டமாட்டார்கள். இன்று வெட்டவில்லை. அப்படியானால் இன்று மழையா?

"அதெப்படி மழைன்னு சொல்லுவ? மெஷின் கெட்டுருக்கும். எண்ண வந்துருக்காது. மண்டோர் மாமியா செத்துருப்பா."

"பதில் சரிதான்க்கா."

"செத்துட்டாளா?" என்று கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

மற்றக் கேள்விகளில் இதுவே எனக்குத் தவறாகிவிடும். தாளில் இல்லாததை எல்லாம் எனக்குத் தெரியும் என்பதால் உள்ளே கொண்டுவந்து, தவறான விடையைக் குறித்துவிடுவேன். மாதிரித் தேர்வின் குறிப்பில் ஒரு வரி இருந்தது: கொடுக்கப்பட்டதை மட்டும் வைத்து விடையளிக்கவும். அதைப் பிடித்துக்கொண்டேன். கேட்டதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். மாதக்கணக்கில் அந்தப் பழக்கத்தை உடம்பில் ஏற்றினேன். பழக்கம் எளிதாக ஏறியது. லயத்தில் பிறந்தவனுக்கு அது ஏற்கெனவே பாதி இருந்தது.

அனுபவத்துக்குச் சான்று கேட்டிருந்தார்கள். நான் சொல்லாமல் விட்டுப் போன முதலாளிகளை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தேன். பெரும்பாலோர் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் மட்டும், "அறுவடைக்கு மொத நாளு ஓடிட்டு இப்ப சர்ட்டிபிகேட்டா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு எழுதியும் கொடுத்தார். நல்ல வேலைக்காரன், கை சுத்தம், சொல்லாமல் போய்விடுவான் என்று மலாயில். அதை அப்படியே சேர்த்து அனுப்பினேன்.

தேர்வைக் கணினியில் எழுதினேன். குளிரூட்டிய அறை. மலையின் குளிர் போல அது ஈரமான குளிர் இல்லை. என்னைச் சுற்றி நரைத்தவர்களும் நடுவயதுக்காரர்களும் திரையைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். கொடுக்கப்பட்டதை மட்டும் வைத்து விடையளித்தேன். சில வாரங்களில், தேறிவிட்டேன், நேர்காணலுக்கு வரலாம் என்று தகவல் வந்தது. வளைவில் நின்று அதைப் படித்தேன். மறுநாளே தோட்டத்து வேலையை விட்டுவிட்டேன். இந்தத் தடவை சொல்லிவிட்டுத்தான் விட்டேன். மண்டோருக்கு நம்ப முடியவில்லை. "நீயே வந்து சொல்றியா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஈப்போவுக்கே குடிபோய்விடலாம் என்று எண்ணியிருந்தேன்.

நேர்காணல் அறையில் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட, தலையில் துடோங் முக்காடு அணிந்த பெண்மணி. அவருக்கு இருபுறமும் ஆண்கள். உட்காரச் சொல்லும் வரை நான் நின்றேன். உட்கார்ந்த பிறகும் கையைப் பின்னால்தான் கட்டியிருந்தேன் என்று பிறகு நினைத்துப் பார்க்கும்போது தெரிந்தது. என்ன வேலை என்று கேட்டார்கள். இயந்திரத்தில் கொழுந்து வெட்டுவது என்றேன். ஏன் சட்டம் என்று அந்தப் பெண்மணி மலாயில் கேட்டார்.

"விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன், புவான்."

"படித்தேன். உங்கள் வாயால் சொல்லுங்கள்."

"சட்டம் தெரிந்துகொள்வதற்காக, புவான்."

ஓர் ஆண் ஒரு பாலத்தைப் பற்றிக் கேட்டார். ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம் என்று பலகை இருக்கிறது. லாரி ஒன்று பாலத்தில் பழுதாகி நிற்கிறது. பின்னால் நோயாளியோடு ஒரு வேன். வேன் போகலாமா?

"போகக்கூடாது, துவான்."

"அவ்வளவுதானா?"

"பலகையில் அவ்வளவுதான் இருக்கிறது, துவான்."

கடைசியில் அந்தப் பெண்மணி பேனாவை மூடி வைத்தார். முன்னால் சாய்ந்து, "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார்.

எங்கள் தோட்டத்து ஆபீசில் துரை உள்ளே இருப்பார். நாம் வெளியே சிமெண்டுத் தரையில் சன்னலுக்கு முன்னால் நிற்போம். இன்றைக்கும் அப்படித்தான். பேசி முடித்ததும் துரை, "வேற ஏதாவது இருக்கா?" என்பார். பேச்சு முடிந்தது, நீ போகலாம் என்பதற்கு அங்கே அதுதான் மரியாதையான வழி. "இல்லீங்க தொர," என்று சொல்லிவிட்டு நகரவேண்டும். அதற்குப் பிறகும் வாயைத் திறந்தவனை மறுநாள் காலை ஆள் பிரிக்கும் பெரட்டில் செங்குத்தான மலைக்கு அனுப்புவார்கள். நடக்கப் பழகும்போதே எங்களுக்கு இதுவும் பழகிவிடும்.

"இல்லை, புவான். நன்றி," என்று எழுந்தேன். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி வைத்தேன்.

வெயிலில் அந்த மகிழ்ச்சியோடு நடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். கூரையின் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். காலையில் எனக்கு முன் நேர்காணலுக்குப் போய், முடித்துக்கொண்டு கிளம்பியவர். கோப்பெங்கில் ஒரு பாலர் பள்ளியில் சமைக்கிறவர். கழுத்தில் சின்னச் சிலுவை. ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ஒங்கள இன்னும் கூப்புடலியா?"

"முடிஞ்சிருச்சுக்கா."

"முடிஞ்சிருச்சா? என் பஸ்ஸே இன்னும் வரலியே. உள்ள போனீங்களா, கதவோட வந்துட்டீங்களா?" பாதிப் பழத்தை நீட்டினார். "என்னைய வறுத்து எடுத்துட்டாங்க. கடைசில அந்தம்மா வேற ஏதாச்சும் சொல்றீங்களான்னு கேட்டாங்கல்ல? அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. எங்க வீட்டுக் கத, வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன கத, பள்ளிக்கூடத்துல நடந்தது, எல்லாத்தையும் கொட்டுனேன். அந்த ரெண்டு ஆம்பளைங்களும் பேனாவ எடுத்து எழுதுறாங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னு சொன்னேன்."

ஆரஞ்சுச் சுளை அவர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "இயேசப்பா! என்ன தம்பி இது? அதுக்குத்தானே வரச் சொன்னாங்க!"

சாலையின் மினுமினுப்பு அப்படியே நின்றுவிட்டதுபோல் இருந்தது. வாயிலிருந்த பழம் புளித்தது. நான் கொண்டுவந்திருந்த ஒரே விஷயம், சட்டம் படிக்க எனக்கிருந்த ஒரே காரணம், அந்த விரல்கள், அந்தத் தேநீர் வேளை. அதைத்தான் அவர்கள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

"ஓடுங்க தம்பி," என்றார் அந்தப் பெண். "இன்னும் மூடிருக்க மாட்டாங்க. ஓடுங்க!"

பெரிய சப்பாத்தில் ஓட முடியாது. அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். தார் காலைச் சுட்டது. வாசலில் காவலர் மறித்தார். உணவு வேளை, மேலே யாரும் இல்லை என்றார். அப்போது வெள்ளைக் கார் ஒன்று உள்ளிருந்து மெல்ல வந்தது. ஓட்டியவர் அந்தப் பெண்மணி.

தோட்டத்தில் துரையின் ஜீப் வந்தால் நாம் வாய்க்கால் ஓரமாக ஒதுங்கிவிடுவோம். மோட்டாரில் போனால் நிறுத்திக்கொள்வோம். உடம்பு தானாக ஒதுங்கப் பார்த்தது. அதை ஒதுங்க விடாமல் நடுவழியில் நின்று, சப்பாத்தோடு கையைத் தூக்கினேன்.

கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. அவர் முதலில் என் காலைப் பார்த்தார்.

"புவான், நான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது," என்றேன். அவர் கேட்பதற்கு முன்பே தொடங்கிவிட்டேன். இயந்திரம், வெட்டுப்பல், பிசின், தேநீர் வேளை, மண்டோரின் பிஸ்கட், இரண்டு விரல், எல்லாம். அதிகாரி கேட்ட இரண்டு கேள்விக்கும் நாங்கள் உண்மை சொன்னது. சொன்ன பிறகும் தோற்றது. மூச்சு வாங்கியதால் பாதி விழுங்கித்தான் சொன்னேன். என்னுடைய மலாய் அடிக்கடி கெஞ்சுகிற மலாயாகப் போய்விட்டது. அவர் காரின் இயந்திரத்தை அணைக்கவில்லை. கண்ணாடியை ஏற்றவும் இல்லை.

"இதை உள்ளே ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள், புவான். எங்கள் இடத்தில் அப்படிக் கேட்டால் போகலாம் என்று பொருள்."

அவர் முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "மதிப்பெண்ணைப் போட்டுக் கையெழுத்து வைத்தாகிவிட்டது. வாசலில் கேட்டதை நான் சேர்க்க முடியாது. சேர்த்தால் மற்றவர்களுக்கு அநியாயம். உங்களுக்கு அது புரியும் என்று நினைக்கிறேன்."

புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

"உங்கள் தேர்வு மதிப்பெண் அடுத்த சேர்க்கைக்கும் செல்லும். நேர்காணலுக்கு மட்டும் மறுபடியும் விண்ணப்பியுங்கள். அடுத்த ஆண்டு. அன்றைக்கு அந்த நாற்காலியில் நான் இருக்கமாட்டேன், வேறு யாரோ இருப்பார்கள். யாராக இருந்தாலும் சொல்லுங்கள்." கண்ணாடியை ஏற்றப் போனவர் நிறுத்தினார். "அந்த நண்பர் இப்போது என்ன செய்கிறார்?"

"காவல் வேலை, புவான்."

தலையசைத்தார். கார் போய்விட்டது. காவலர் என்னிடம், "சப்பாத்தைப் போட்டுக்கொள், தம்பி," என்று மலாயில் சொன்னார்.

மலைப் பேருந்து வளைந்து வளைந்து ஏறியது. முதலில் வெயில் போனது, பிறகு சத்தம் போனது, கம்போங் ராஜாவைத் தாண்டியதும் பனி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியவில்லை. அடுத்த ஆண்டு என்பதை யோசித்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் அவ்வளவு காலம் இருப்பது என்றால் என்ன என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. இப்படி ஒரு நாளுக்குப் பிறகு நான் வழக்கமாகச் செய்வது, பையைக் கட்டுவது. பாதையும் தெரியும். தானா ராத்தாவிலிருந்து காலைப் பேருந்து, கோலாலம்பூர், அங்கிருந்து எங்கு வேண்டுமானாலும்.

வீட்டில் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு சப்பாத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "நல்லவேள, இதத் தேய்க்கல," என்றாள். நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை அவள் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ரசத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"கார மறிச்சியா? நீயா?"

"ஆமா."

"ஒதுங்கி நிக்கலியா?"

"இல்லக்கா."

கரண்டியை ஓரத்தில் தட்டினாள். "பைய எடுத்துட்டேனா சொல்லிட்டுப் போ. சோறு ஆக்கணுமா வேணாமான்னு எனக்குத் தெரியணும்."

"எடுக்கலக்கா."

"எடுக்கலன்னா நாளைக்கு என்னா செய்வ? தோட்டத்துலதான் வேணாம்னு சொல்லிட்டியே." கொஞ்சம் யோசித்தாள். "கியா பார்ம்ல கட வச்சிருக்கே, எங்க கூடப் படிச்சது. அது ஆள் கேட்டுக்கிட்டே இருக்கு. மூட்ட தூக்க இல்ல. ரோட்டுல போறவங்களக் கூப்புட. ஒனக்கு எங்க சரிப்படும்? பெத்த அம்மாகிட்டயே சோறு வேணும்னு வாயத் தொறந்து கேக்காத ஆளு நீ."

"போறேன்," என்றேன்.

மறுநாள் காலை மோட்டாரில் போனேன். கியா பார்மில் பனி இன்னும் விலகவில்லை. சாலை இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது. கடைகளின் விளக்குகள் தனித்தனியாக மிதந்தன. கம்பளித் தொப்பி போட்ட கடைக்கார அம்மா, ஸ்ட்ராபெரிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அக்கா அனுப்புச்சா? வாய் இருக்கா ஒனக்கு?"

"இருக்கு."

"கேட்டாதான் பேசுற ஆளு எனக்கு வேணாம். அப்புடி ஒருத்தன் இருந்தான், கடைக்கு முன்னால சாமி மாதிரி நின்னான். சனம் கும்புட்டுட்டு அடுத்த கடைக்குப் போயிருச்சு." ஒரு பெட்டியை என் கையில் வைத்தார். "இந்தா. வர்றவங்களப் பாத்து ஆரம்பி."

"யாரும் வரலியே. ஒன்னுமே தெரியல."

"வருவாங்க. தெரியாட்டி என்னா? கூப்புடு."

சாலையோரமாக வந்து நின்றேன். பெட்டி குளிர்ந்திருந்தது. எதிரே வெறும் பனி. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இன்று பறித்த பழம், வாங்க, வந்து சாப்பிட்டுப் பாருங்க என்று அதைப் பார்த்துச் சொன்னேன். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை தமிழில், மூன்றாவது தடவை மலாயில், சத்தமாக. பனிக்குள் எங்கோ ஒரு கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கியது. அவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் தொடர்ந்து கூப்பிட்டேன்.